கறுப்பு டி-ஷர்ட்டில் சுற்றிய தீர்த்தம்

அக்காவுக்கு ஃப்ரீவே என்றால் பயம். துருவக் கடலில் பனிக்கட்டியின் மேல் நின்று, துளை போட்டுத் தண்ணீர் எடுத்தவள். ஆனால் ஃபைவ் எய்ட்டி ஃப்ரீவேயில் லேன் மாற வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொள்வாள், அதுவும் ஸ்டியரிங் அவள் கையில் இருக்கும்போது. அதனால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் நாங்கள் இருக்கும் டப்ளினிலிருந்து மலையைத் தாண்டி அவளை லேபில் விடுவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். நடுவில் கம்யூனிட்டி காலேஜுக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் செமஸ்டர் வகுப்புவரை போனேன். இரண்டாவது செமஸ்டர் பார்க்கிங்வரை போனேன்.

"இன்னைக்கு கிளாஸ்ல என்னடா நடத்தினாங்க?"

"பார்க்கிங்ல இடம் இல்லைன்னு நடத்தினாங்க."

"உன்னைப் படிக்க வைக்கிறதுக்கு பாக்டீரியாவைப் படிக்க வைக்கலாம்."

"அதுங்களுக்கு ஃபீஸ் கிடையாதே."

உண்மையில் நான் படித்ததெல்லாம் அந்தக் காரில்தான். ட்ராஃபிக்கில் நிற்கும்போது அக்கா பேசுவாள். அவளுக்கு வேறு யாரிடமும் அதைத் தமிழில் சொல்ல வழியில்லை. அவள் கணவர், என் மாமா, நல்ல மனிதர். ஆனால் எந்த நேரமும் மீட்டிங்கில் இருப்பவர். மியூட்டில் இருக்கும்போது மட்டும்தான் அவரிடம் பேச முடியும்.

அக்கா பார்ப்பது கடல் பாக்டீரியா. அலாஸ்காவின் வடக்கு ஓரம், கரையை ஒட்டிய கடல். குளிர்காலத்தில் அங்கே சூரியன் ஒரு நாள் மதியம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினால், மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். கடலுக்கு மேலே பனி மூடிக் கிடக்கும். கீழே கும்மிருட்டு.

"வெயில் காலத்துல அங்க பாசி பயங்கரமா வளரும்டா. அது வளர்ந்து, கசிஞ்சு, செத்து, கடல் முழுக்க சாப்பாடு. அப்ப ஒரு கூட்டம் வரும். தின்னும், பெருகும். தின்னும், பெருகும்."

"கல்யாண வீட்டு முதல் பந்தி."

"கரெக்ட். குளிர் வந்தா பந்தி காலி. வெளிச்சமும் இல்ல, சாப்பாடும் இல்ல. அப்ப இருக்கிறது வேற ஆளுங்க. பாக்டீரியாவும், அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் சிலதும். சின்னச் சின்னதா, கொஞ்சம் அமோனியா, கொஞ்சம் அது இதுன்னு வச்சு காலத்தை ஓட்டும். எதுக்கும் அவசரப்படாது."

"என்னை மாதிரி."

"நீ முதல் பந்தி. வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

"இதுங்க எப்ப உட்காரும்?"

"முதல் பந்தி எழுந்ததும். வருஷா வருஷம் முறை மாத்திக்கும். யாரும் சொல்லித் தர வேண்டாம்."

"எழுந்திரிக்கலைன்னா?"

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "எக்ஸிட்டை விட்டுட்ட பாரு" என்றாள். நிஜமாகவே விட்டிருந்தேன்.

தண்ணீருக்குத் தீர்த்தம் என்று பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா முதல்முறை வடக்கே போய்த் திரும்பியபோது சென்னையிலிருந்து அம்மா வீடியோவில் வந்து, அவ்வளவு தூரம் போய் என்ன வாங்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாள். "தண்ணி" என்றாள் அக்கா. "தண்ணியா? நீ என்ன காசிக்கா போன?" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அக்கா அதைத் தீர்த்தம் என்றுதான் சொல்வாள். லேபில் இருக்கிற மற்றவர்களுக்கு அது வெறும் சாம்பிள். எங்கள் காரில் அது தீர்த்தம்.

அவளிடம் அப்படிப்பட்ட தண்ணீர் நிறைய உண்டு. ஆனால் எல்லாம் வடிகட்டி, உறைய வைத்தது. செத்தது. உயிரோடு இருந்தது ஒரே ஒரு பாட்டில். நடுக்குளிரில் பனிக்குக் கீழே எடுத்து, வெளிச்சம் படாமல், சூடு படாமல், அந்தக் கடல் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிரில் மாதக்கணக்காக வைத்திருந்தாள். குளிர்காலத்து ஆட்கள் தங்கள் பாட்டுக்கு உள்ளே இருந்தார்கள். அவர்கள் அப்படியே உயிரோடு இருந்து, அடுத்த குளிர்காலத்துத் தண்ணீர் வரும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால்தான் அவளுக்கு லேபில் அடுத்த வருடம் இடம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதையும் அவள் காரில்தான் சொன்னாள், ஏதோ பால் வாங்கச் சொல்வதுபோல.

அந்த வருடம் புரட்டாசியில் காடு எரிந்தது.

மாமாவின் அம்மா அப்போது எங்களுடன் இருந்தார். எனக்கு அத்தை. கொடுமுடிக்காரர். அந்த ஊரில் காவிரித் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மக்கள் பழநிவரை நடந்தே போவார்கள். அத்தையும் போயிருக்கிறார், காலில் செருப்பில்லாமல். இங்கே வந்து மூன்றே நாளில் எங்கள் வீட்டு மாவு ஏன் பொங்குவதில்லை என்று கண்டுபிடித்து, மாவை ஓவனுக்குள் வைத்து, உள்ளே லைட்டைப் போட்டுப் பொங்க வைத்தார். அவரைச் சீண்டுவது எனக்குப் பிடிக்கும். அவருக்கும் பிடிக்கும்.

"தம்பி, உனக்கு எப்பக் கண்ணாலம்?"

"பொண்ணு வீட்டுல பார்க்கிங் இருக்கான்னு பார்த்துட்டிருக்கேன் அத்தை."

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டாள். காற்று பலமாக அடிக்கப் போகிறதாம். கம்பி அறுந்து தீப்பிடிக்கக் கூடாது என்று மலைப் பக்கம் கரண்டை நிறுத்தப் போகிறார்கள். லேபில் பெரிய ஃப்ரீஸர்களுக்கு ஜெனரேட்டர் உண்டு. அவள் பாட்டில் இருக்கும் குளிர் அறைக்குக் கிடையாது. வீட்டில் இருக்கும் பெரிய ஐஸ்பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே வா என்றாள்.

போனேன். பாட்டிலை ஐஸுக்கு நடுவில் வைத்து, மேலே வெளிச்சம் படாமலிருக்கச் சுற்ற ஏதாவது தா என்றாள். பின் சீட்டில் என் பழைய கறுப்பு டி-ஷர்ட் கிடந்தது. மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதோட நாத்தத்துலயே செத்துடும்டா."

"குளிர் காலத்து ஆளுங்க எதையும் தாங்குவாங்கன்னு நீதான சொன்ன."

வீட்டுக்கு வந்து கராஜில் இறக்கினோம். அங்கே எங்களுக்கு இன்னொரு ஃப்ரிட்ஜ் உண்டு. மாவு, கறிவேப்பிலை, தயிர் எல்லாம் வாழும் இடம். அக்கா அதை எவ்வளவு குளிரவைக்க முடியுமோ அவ்வளவுக்குத் திருகி, மாவுப் பாத்திரத்தை ஒதுக்கி இடம் பண்ணினாள். நான் பாட்டிலைத் தூக்கினேன்.

"டேய், தீர்த்தத்தை ஆட்டாம கொண்டாடா!"

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவில் அத்தை நின்றிருந்தார். சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நான் பார்த்தேன். சிமென்ட் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. விடியவில்லை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலை உணவு நேரமாகியும் வானம் பூசணிக்காய் நிறத்திலேயே நின்றது. பிறகு அதுவும் இருண்டது. தெருவிளக்குகள் அணையவில்லை. பறவைச் சத்தம் இல்லை. காரின் மேல் சாம்பல் விழுந்திருந்தது, நெற்றியில் பூசும் விபூதியைவிட மெல்லியதாக. கரண்ட் இல்லாத லேபில் என்ன மிஞ்சும் என்று பார்க்க அக்கா போயே ஆக வேண்டும் என்றாள். ஹெட்லைட் போட்டுக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். எதிரே வந்த கார்களும் ஹெட்லைட்டோடுதான் வந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஊரே ஒரு சாவு வீட்டுக்குள் வண்டி ஓட்டுவதுபோல் மெதுவாகப் போனது.

வீட்டுக்குள் நுழைந்தால் எல்லா ஜன்னலும் ஆரஞ்சு. மாமா மாடியில் மீட்டிங்கில் இருந்தார். அத்தை பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். புரட்டாசிச் சனி. மாவிளக்கு எரிந்தது. அந்த வீட்டில் அன்று ஒழுங்கான வெளிச்சம் அது ஒன்றுதான்.

"ஏங் கண்ணு, இன்னும் விடியிலியே. சூரியன் எங்க போச்சு?"

"இன்னைக்கு லீவு அத்தை."

"வெளையாடாத. நாஞ் சாமி கும்புட்டுட்டேன். இந்தா, தீர்த்தம் வாங்கிக்க."

கையைக் குவித்தேன். உத்தரணியால் ஊற்றினார். குடித்தேன். முதலில் துளசி. பிறகு பச்சைக் கற்பூரம். அதற்குப் பிறகு, நாக்கின் அடியில், உப்பு.

"என்ன அத்தை, கரிக்குது? ராமேஸ்வரமா?"

"உங்கக்கா கொண்டாந்ததுதான் சாமி. எத்தன தொலவுல இருந்து கொண்டாந்தாளோ! அதையப் போயி மாவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கறா. அதுவுங் கருப்புத் துணியில சுத்தி. தீர்த்தத்தக் கருப்புல சுத்துவாங்களா? ஆகாதுல்ல?"

அலமாரியைப் பார்த்தேன். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் பாட்டில். மஞ்சள் துணி கட்டி, குங்குமப் பொட்டு வைத்து, மூடி திறந்து. உள்ளே துளசி மிதந்தது. அத்தையின் விரல்களில் மாவிளக்கு பிசைந்த வெல்லம் இன்னும் ஒட்டியிருந்தது. விளக்குச் சுடர் அசையும்போதெல்லாம் தண்ணீருக்குள்ளும் ஏதோ அசைவதுபோல் இருந்தது.

"எப்ப எடுத்தீங்க அத்தை?"

"நீங்க கெளம்புன ஒடனே. ஏஞ் சாமி, மொகம் இப்படிப் போகுது?"

அக்காவைக் கூப்பிட்டேன். எந்தக் கெட்ட செய்தியையும் கொஞ்சம் கிண்டலோடு சொன்னால் எடை குறையும் என்பது என் கொள்கை. அன்றைக்கு வாயில் வந்தது ஒரே வரிதான்.

"அக்கா, அத்தை தீர்த்தம் குடுத்தாங்க."

"மூடியைத் திறந்துட்டாங்களா?" என்றாள்.

"ம்."

"நீ குடிச்சியா?"

"ஒரு உத்தரணி."

"உனக்கு ஒண்ணும் ஆகாது. உன் வயித்துச் சூட்டுல அதுங்கதான் சாகும். ஐஸ்ல வச்சு எடுத்துட்டு வா. உடனே."

ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு, ஜன்னல் எல்லாம் ஏற்றிவிட்டு ஓட்டினேன். லேப் கட்டடம் முழுக்க இருட்டு. வாசல் படியில் அக்கா நின்றிருந்தாள், பின்னால் ஆரஞ்சு வானம். பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். குங்குமத்தைத் துடைக்கவில்லை.

"துளசி எத்தனை இலை?"

"எண்ணலைக்கா."

"வெல்லமும் போயிருக்குமா?"

"கை வெல்லமா இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பந்தி போட்டாச்சு" என்றாள். அவ்வளவுதான்.

கரண்ட் வந்தது. புகை போனது. சூரியன் ஒன்றும் நடக்காததுபோல் வேலைக்குத் திரும்பியது. பாட்டிலை மறுபடி குளிரில், இருட்டில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் நான் காரில் கேட்பேன், அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். கொஞ்ச நாளில் தண்ணீர் லேசாகக் கலங்கியது. பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது. குளிரில்கூட நிற்கவில்லை. உள்ளே ஏற்கனவே ஒரு ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த முதல் பந்திக்காரர்கள் எழுந்துவிட்டார்களாம். சூடும் சாப்பாடும் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுக்குப் போதும்.

கெட்டுப்போனதை அவள் கொட்டவில்லை. அதன் டி.என்.ஏவையும் படித்தாள். லேப்டாப்பில் எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு தண்ணீரும் ஒரு பட்டை. எந்த ஆள் எவ்வளவு என்று நிறம் நிறமாகக் கோடு. குளிர்காலத் தண்ணீரின் பட்டை, கல்யாணப் பாய் மாதிரி நிறைய மெல்லிய கோடுகள். கெட்டுப்போன பாட்டிலின் பட்டையில் பாதிக்கு மேல் ஒரே ஆரஞ்சு. மீதிக் கோடுகள் ஓரத்தில் நசுங்கிக் கிடந்தன.

"அந்த நிறம் நீயா வச்சியா?"

"கம்ப்யூட்டர் வச்சது."

"அப்ப உனக்கு இடம்?"

"இந்தக் குளிர் காலத்துத் தண்ணி வரட்டும். அதை வச்சு மறுபடி ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஒரு நல்ல பாட்டில் போதும்டா. ஒண்ணே ஒண்ணு."

அத்தையிடம் அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அதுல உயிரு இருந்துச்சு அத்தை, அதான்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள். அது திட்டைவிட மோசமாகப் போனது. அத்தை அதற்குப் பிறகு கராஜ் ஃப்ரிட்ஜைத் தொடவே இல்லை. மாவு வேண்டுமென்றால் கதவருகே நின்று என்னைக் கூப்பிடுவார்.

"கண்ணு, அதைய எடுத்துக் குடு."

"நீங்களே எடுக்கலாமே அத்தை. உள்ள ஒண்ணும் இல்ல, தயிர்தான்."

"வேண்டாஞ் சாமி. எங் கை ஆகாத கை."

அதற்கும் ஏதோ கிண்டலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

குளிர்காலம் வந்தது. அக்கா தினமும் வடக்கே இருப்பவர்களோடு பேசினாள். முதலில் காரில் ஸ்பீக்கரில் போடுவாள். பிறகு காதில் வைத்துப் பேசினாள். பனி இன்னும் கெட்டியாகவில்லையாம். கரையோரத்தில் கடல் திறந்தே கிடக்கிறதாம், தண்ணீரும் வழக்கத்தைவிடச் சூடாம். இருட்டில் அலைச் சத்தம் கேட்கிறது, அது அங்கே இந்த நேரத்தில் கேட்கக் கூடாத சத்தம் என்று அந்தப் பக்கத்திலிருந்தவர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அக்கா தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகப் பனி பிடித்ததும் எடுத்து அனுப்பினார்கள். ஏர்போர்ட் கார்கோ கவுண்டரிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். சீல் பிரிக்காத பெட்டி. இந்தமுறை வீட்டுப் பக்கமே போகவில்லை. நேராக லேப். "ஆட்டாம கொண்டாடா" என்றாள். தீர்த்தம் என்று சொல்லவில்லை. நானும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

டி.என்.ஏ படித்து முடிந்த நாள், சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டேன். சிக்னலில் நின்றபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகள்.

"என்ன தெரியுது?"

"தெரியும், காட்டியிருக்க. இது அத்தை பூஜை பண்ணின பாட்டில். பாதிக்கு மேல ஆரஞ்சு. பக்கத்துல அதையே இன்னொரு தடவை போட்டிருக்க. எதுக்கு ரெண்டு?"

"ரெண்டாவது இப்ப வந்தது."

பின்னால் வண்டி ஹாரன் அடித்தது. சிக்னல் மாறியிருந்தது.

"யாராவது திறந்திருப்பாங்க" என்றேன்.

"கேட்டுட்டேன். யாரும் திறக்கலை. மறுபடியும் பண்ணிப் பார்த்துட்டேன். அச்சு அசலா அதே ஆளுங்க இல்ல, ஆனா அதே ஜாடை. முதல் பந்தி."

"குளிர் காலத்துலயா?"

"ம்."

"எழுந்திரிக்கலையா?"

"ஒரு பாட்டில்டா. ஒரே ஒரு பாட்டிலை வச்சு எதையும் சொல்லக் கூடாது."

"அப்ப எதுக்குக்கா மறுபடி பண்ணிப் பார்த்த?"

"ஏசியைக் குறை" என்றாள். ஏசி போடவே இல்லை.

ஃபைவ் எய்ட்டியில் இறங்கி, டப்ளினுக்குள் நுழைந்து, கராஜ் கதவைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன். மாவு எடுத்துத் தர என்னை எதிர்பார்த்து அத்தை உள்கதவில் நின்றிருந்தார், கையில் கிண்ணத்தோடு. அக்கா இறங்கினாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தார். ஒரு படி பின்னால் போனார்.

"கண்ணு, இந்தத் தடவ நாந் தொடவே இல்ல சாமி. அந்தப் பக்கமே போகுல."

"தெரியும் அத்தை" என்றாள் அக்கா.

"அப்பறம் யாரு தொட்டாங்க?"

அக்கா அத்தையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அத்தை என் பக்கம் திரும்பினார். எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான்தான். கராஜ் கதவு எங்கள் பின்னால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொடும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.